ஒன்றும் மணக்காத இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாகவே என் கடைக்கு நகலெடுக்க வந்தது.

ஓமான் நாட்டு ஸலாலாவில், சஆதா வட்டாரத்தில், ஒரு பார்சல் அலுவலகத்துக்கு நேர் எதிரே அச்சுக் கடை வைத்திருக்கிறேன். நகல், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, வேலை கேட்டு எழுதும் விண்ணப்பம், வேலையிலிருந்து தூக்கியதற்கு எழுதும் முறையீடு. கடை என் பெயரில் இல்லை. அதைப் பற்றி வேறொரு கதை எழுதலாம். எழுதினால் கடை இருக்காது. ஆகவே இதை எழுதுகிறேன்.

கரீஃப் என்று இங்கே சொல்லும் பருவமழையின் தூறல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் துஃபூல் பின்த் பகீத் ஓர் அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். (நேரில் நான் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லாரும் அவன், அவள்தான்.) பெட்டியின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதை மூன்று நகல் எடுக்கச் சொன்னாள்.

"சதீக், அப்படியே அதுல என்ன எழுதியிருக்குன்னும் படிச்சுச் சொல்லு."

சதீக் என்றால் நண்பன். பெயர் நினைவில் நிற்காத வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் இங்கே நண்பர்கள்தான். நான் படித்தேன்: எரிந்த வாசனை. காரணம் தெரியவில்லை. அனுப்பியவருக்கே திருப்புக.

"என்ன எரிஞ்சுதாம்?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பெட்டியை மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தால் மூக்குக்குக் குடியுரிமை கிடைத்துவிடுகிறது, ஆளுக்குத்தான் கிடைப்பதில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று சில நாள் திண்டாடினேன். அடித்துப்போட்டவற்றையும் அடைப்புக்குறிக்குள் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: [கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். அந்த மணலின் நடுவே ஒரு பெண்] இதற்கு மேல் போகவில்லை. எங்கள் ஊரில் ஜூலை மாதம் மலை முழுக்கப் பச்சை. சட்டை காய்வதில்லை, சுவர் பூஞ்சை பிடிக்கிறது, ஒட்டகங்கள் சேற்றில் வழுக்கி விழுகின்றன. ஆனால் வளைகுடாக் கதை என்றால் பத்திரிகைக்காரர்களுக்கு மணல் வேண்டும், ஒரு தமிழனின் கண்ணீர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகையின் ஆசிரியரிடம் ஸலாலாவில் தூறல் போடுகிறது என்று தொலைபேசியில் சொன்னேன். "கதைக்கு அது ஒத்துவராதே" என்றார்.

இரண்டாவது தொடக்கம்: [ஐரோப்பிய நகரம் ஒன்றின் சரக்குக் கிடங்கில் அபாய மணி அலறியது. தொழிலாளர்கள் வெளியே ஓடினார்கள்.] இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கிடங்கைப் பார்த்ததில்லை. பார்க்காததை வைத்துத் தொடங்கினால் கடைசிவரை புளுக வேண்டியிருக்கும். பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தேன்.

மூன்றாவது தொடக்கம் துஃபூல்தான். அவளிடமே போய்விடலாம்.

3

துஃபூலுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மூத்தவன் பெயர் ஸாலிம் என்பதால் ஊர் அவளை உம்மு ஸாலிம் என்கிறது, ஸாலிமின் அம்மா. வீடு கணவன் பெயரில், கார் மகன் பெயரில், மலையில் மேயும் மாடுகள் கணவனின் அண்ணன் பெயரில். இணையத்தில் இருக்கும் துணிக்கடை ஒன்றுதான் அவள் பெயரில் இருந்தது.

கடையில் அவள் விற்பது ஒரே ஒரு சாமான்: எங்கள் ஊர்ப் பெண்கள் உடுத்தும் அபூ தைல், வால் வைத்த வெல்வெட் சட்டை. முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும், பின்பக்கம் தரையைக் கூட்டிக்கொண்டு வரும். கழுத்திலும் கையிலும் மணி வேலை.*

(* மணி வேலை துஃபூலுடையது. தைப்பவன் வங்கதேசத்துக் கொமில்லாவிலிருந்து வந்த தையல்காரன் ஷஃபீக். கடைப் பக்கத்தில் "ஓமானியப் பெண்ணின் கைவண்ணம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஷஃபீக்கின் கையை யாரும் படமெடுக்கவில்லை. இதைக் கதையில் சேர்க்க வேண்டாம் என்று துஃபூல் சொல்லமாட்டாள், ஏனென்றால் அவளுக்குத் தமிழ் தெரியாது.)

கடை திறந்த புதிதில் குடும்பமே கூடியிருந்த சாப்பாட்டில் கணவனின் அண்ணன் சிரித்தானாம். நம்ம வாலை வெளிநாட்டுக்காரி எதுக்கு வாங்குவா, அவ வீட்டுத் தரையக் கூட்ட மெஷின் இருக்கே என்றானாம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவளுடைய கணவன் உட்பட. அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. உள்நாட்டில் நிறைய விற்றாள். ஆனால் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்து, போய்ச் சேர்ந்து, அந்தப் பெண் அதை உடுத்திப் படம் அனுப்பி, அதைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை எழுதாமல் போட வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பின்லாந்திலிருந்து கய்ஸா என்று ஒருத்தி.

கடை நடக்கும் வலைத்தளத்துக்கு ஒரு விதி உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு மூன்று முறை போய்ச் சேராவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். யார் தப்பு என்று விசாரிக்கமாட்டார்கள். அங்கே விசாரிக்க ஆளே இல்லை. ஓர் இயந்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

4

முதல் பொட்டலத்தை அவள் எப்படி அனுப்பினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கிருந்துதான்.

புதுச் சட்டையைப் புகை காட்டாமல் ஒருத்தர் கையில் கொடுப்பது இங்கே வழக்கமில்லை. அது சமைக்காத கறியைத் தட்டில் வைப்பதற்குச் சமம். தணலில் ஒரு துண்டு பகூரைப் போட்டு, மேலே மரக்கூண்டைக் கவிழ்த்து, அதன் மேல் சட்டையை விரித்துவிடுவார்கள். பகூர் என்பது அகில் சீவலையும் கஸ்தூரியையும் வாசனை எண்ணெய்களையும் சர்க்கரைப் பாகில் கிண்டிச் செய்வது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு. கல்யாண வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே இன்னார் மருமகள் வந்துவிட்டாள் என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும்.

துஃபூல் பச்சைச் சட்டையைப் புகை காட்டினாள். முதல் வெளிநாட்டுச் சட்டை என்பதால் இரண்டு தரம் காட்டினாள். சுற்றிய காகிதத்துக்கும் காட்டினாள். பெட்டியை மூடுவதற்கு முன் அதன் உட்புறத்தையும் தூபக்கால் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். வீட்டைவிட்டுப் புறப்படும் விருந்தாளிக்குச் செய்வதைத்தான் பெட்டிக்கும் செய்தாள்.

அந்தப் பெட்டி விமானம் ஏறி, ஐரோப்பாவில் ஒரு கிடங்கில் இறங்கியது. இப்போது நான் ஒதுக்கிவைத்த இரண்டாவது தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அபாய மணி அலறியதோ இல்லையோ, புகை வாசனை என்று யாரோ சொல்ல, கிடங்கையே காலி செய்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வந்திருக்கிறது. இவ்வளவும் வலைத்தளம் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். மிச்சத்தை நானே கற்பித்துக்கொள்கிறேன்: தலைக்கவசம் போட்ட நாலு ஆண்கள் நீளமான கொக்கியால் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு பச்சைச் சட்டை வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

பெட்டி மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது.

(இதே ஊர் விமான நிலையத்தில், புகை போடும் மரப்பிசினான குந்திரிக்கத்தை அழகான டப்பாவில் போட்டு விற்கிறார்கள். சுற்றுலாப் பயணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதே விமானத்தில் பறக்கிறான். மடியில் போனால் நினைவுப் பொருள். பெட்டியில் போனால் அபாயப் பொருள். ஐரோப்பாவிலிருந்து "அரேபிய இரவு" மாதிரிப் பெயர்களில் வாசனைத் திரவியம் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்குகிறது. அதைக் கண்டு எங்கள் கிடங்கில் யாரும் வெளியே ஓடியதில்லை.)

5

எதிரே பார்சல் அலுவலகத்தில் விதிகளைக் காப்பவன் முஸல்லம். சுமார் முப்பத்தைந்து வயது, நல்ல பிள்ளை. அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அனுப்பக் கூடாதவற்றின் பட்டியல் இருக்கிறது. நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன், ஆகவே எனக்கு மனப்பாடம்: வாசனைத் திரவியம், பிசின், விதை, மண், கொம்பு, மின்கலம், தேன், தீப்பிடிக்கும் பொருள், தீப்பிடித்த பொருள். கடைசிக்கு முந்தியது புரிகிறது. தீப்பிடித்து முடிந்த பொருளை யார் அனுப்புவார்கள் என்று அச்சடிக்கும்போதே யோசித்தேன். துஃபூலின் பெட்டியை அந்த வரியில்தான் போட்டார்கள்.

அடுத்த தரம் புகை காட்டாமல் அனுப்புங்கள் என்றான் முஸல்லம். துஃபூல் வீட்டுக்குப் போய் இதை ஜீரணிக்கப் பார்த்தாள். அதற்குள் கய்ஸாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது. தொலைபேசியே மொழிபெயர்த்துக் கொடுத்தது. கய்ஸா பல வருஷங்களுக்கு முன் ஸலாலா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவள் மகள் இங்கேதான் பிறந்தாள். அந்த மகளுக்குச் செப்டம்பரில் கல்யாணம், சட்டை அவளுக்குத்தான். "வாசனையோடுதான் அனுப்ப வேண்டும். பச்சை வெல்வெட் எங்கள் ஊரிலும் கிடைக்கும்" என்று எழுதியிருந்தாள்.

[துஃபூலின் மனம் இரண்டு படகுகளில்] அடித்துவிட்டேன். அவள் படகில் ஏறியதே இல்லை, கடல் ஒத்துக்கொள்ளாது.

நேராகவே சொல்கிறேன். புகை காட்டினால் கடை போய்விடும். காட்டாவிட்டால் வாங்கியவளை ஏமாற்றியதாகும். இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் கடையைத் தேர்ந்தெடுத்தாள். ஷஃபீக்கிடம் இன்னொரு பச்சைச் சட்டை தைக்கச் சொல்லி, மணி வேலையையும் அவனுடைய தையலறையிலேயே உட்கார்ந்து முடித்தாள். சட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. அங்கேயே பாலித்தீனில் கட்டி, நேராக முஸல்லத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காரில் உட்கார்ந்து அழுதாள். தான் பெற்ற பெண்ணைத் தலைவாராமல் கல்யாண வீட்டுக்கு அனுப்பிய மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வெளிநாட்டுப் பொட்டலத்தை அலுவலகத்தில் திறந்து பார்த்துத்தான் ஒட்ட வேண்டும் என்பது விதி. முஸல்லம் விதிப்படியே திறந்தான், பார்த்தான், சாயங்கால வண்டி வரும்வரை திறந்தபடியே பின்னால் உள்ள அலமாரியில் வைத்தான்.

அந்தப் பெட்டியும் திரும்பி வந்தது. மஞ்சள் ஒட்டுத்தாள், அதே எழுத்து: எரிந்த வாசனை.

6

இந்த இடத்தில் எனக்குத் துஃபூல் மேல் சந்தேகம் வந்தது. ஓர் எழுத்தாளன் தன் பாத்திரத்தைச் சந்தேகிப்பது நல்லதல்ல, ஆனால் வந்தது. ரகசியமாகப் புகை காட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். கதையும் அப்படியே போயிருந்தால் எனக்குச் சுலபம்: பழக்கத்தை விடமுடியாத ஒரு பெண், இரக்கமில்லாத ஒரு விதி, கொஞ்சம் கண்ணீர். பத்திரிகையும் போட்டிருக்கும்.

அவள் என் கடையிலேயே, என் மேசை மேலேயே பெட்டியைப் பிரித்தாள். சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது என்னோடது இல்ல" என்றாள். "கிராம்பு போட்டிருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது. பகூரில் கிராம்பு போடுகிறவள் இந்த வட்டாரத்தில் முஸ்னா ஒருத்திதான். முஸ்னா, முஸல்லத்தின் மனைவி. ஒரு காலத்தில் துஃபூலுக்கு உயிர்த்தோழி. இருவரும் சேர்ந்துதான் பகூர் கிண்டுவார்கள். ஒரு பெருநாளுக்கு முன் முஸ்னா பத்துப் பேர் நடுவில், உன் பகூரில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது, மிட்டாய்க்கடை மாதிரி என்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இப்போது அந்த முஸ்னாவின் புகை துஃபூலின் சட்டையில் ஏறி ஐரோப்பா பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

தெருவைத் தாண்டி அவள் போன வேகத்தில் நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். கதை தெருவைக் கடக்கும்போது எழுதுகிறவன் கடையில் உட்கார்ந்திருக்க முடியாது.

முஸல்லம் எழுந்து நின்று வரவேற்றான். காப்பி ஊற்றினான், பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினான். துஃபூல் பொறுமையாக ஒரு கோப்பை குடித்தாள். அவள் பேசத் தொடங்கினாள். அவன் பட்டியலைத் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னான். பேச்சு நீண்டதும் தனக்குப் பின்னால் தரையில் எரிந்துகொண்டிருந்த தூபக்காலை எடுத்து இரண்டு கையாலும் அவள் முன்னால் நீட்டினான். அது மரியாதை. புறப்படலாம் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தூபம் வந்த பிறகு விருந்தாளி உட்கார்ந்திருப்பதில்லை.

துஃபூல் எழுந்திருக்கவில்லை. குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"இது முஸ்னா கிண்டினதா?"

"ஆமா உம்மு ஸாலிம். ஆபீஸுக்குன்னே தனியா ஒரு டப்பா குடுத்துவிடுறா."

"தினமும் போடுறியா?"

"காலையில கதவு திறந்ததும் போட்டுருவேன். சாயங்காலம் மூடுறவரைக்கும் அணையாது."

அவள் அவனுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். தூபக்கால் இருந்த இடத்துக்கு நேர் மேலே பொட்டல அலமாரி. மேல் தட்டில் திறந்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. புகை ஒவ்வொன்றையும் பொறுமையாக விசாரித்துக்கொண்டிருந்தது.

முஸல்லம் திரும்பிப் பார்த்தான். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினான். பாசாங்கில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இங்க ஒண்ணும் மணக்கலயே" என்றான்.

7

தூபக்காலை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். முஸல்லம் தலைநகரத்தில் இருக்கும் மேலாளரை அழைத்தான். எடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. வாடிக்கையாளரைத் தூபத்தோடு வரவேற்பது கிளைக்கு மதிப்பெண் தரும் விஷயம்; போன வருஷம் இந்தக் கிளை விருந்தோம்பலுக்குச் சான்றிதழ் வாங்கி, அது சுவரில் தொங்குகிறது. (அதற்குச் சட்டம் போட்டதும் நான்தான்.) சரி, பட்டியலையாவது மாற்றுங்கள் என்றால், அது வெளிநாட்டில் எழுதப்பட்டது, நாங்கள் தொட முடியாது என்றார் மேலாளர். ஆக, ஒரே நிறுவனம் ஒரு கையால் புகை போட்டு, மறு கையால் அதே புகைக்காகப் பெட்டியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டு மேலாளர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, எழுதி அனுப்புங்கள் என்றார்.

இதுவரை திரும்பி வந்தவை இரண்டு. மூன்றாவதும் வந்தால் கடை இல்லை. கய்ஸாவின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷஃபீக் மூன்றாவது பச்சைச் சட்டையைத் தைத்து முடித்தான். துஃபூல் அவனைத் தேநீர்கூடக் குடிக்கவிடவில்லை.

எங்கே வைத்துத் திறந்து காட்டி ஒட்டுவது என்பதுதான் பிரச்சினை. முஸல்லம் நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேன். அலுவலகத்துக்கு வெளியே வந்து பார்க்கிறேன் என்றான். வெளியே தூறல். காகிதம் நனையும், வெல்வெட் நனைந்தால் போச்சு. காருக்குள் என்றான். காரில் துஃபூலின் பகூர் ஏசியிலிருந்தே வரும். ஷஃபீக்கின் தையலறை விதிப்படி தூரம் அதிகம். முஸல்லம் இருக்கையைவிட்டு அவ்வளவு தூரம் போகக் கூடாது. பள்ளிவாசல் முற்றம் என்றான், அவனே வேண்டாம் என்றான். கடைசியில் மூவரும் அலுவலக வாசலில் நின்று ஊரையே ஒரு சுற்று யோசித்தோம். புகை வாசனை இல்லாத கூரை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் முஸல்லம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தான்.

"சதீக் கடை இருக்கே. அங்க என்ன இருக்கு, பேப்பரும் மையும்தான?"

எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். இத்தனை வருஷத்தில் என் கடை இந்த ஊருக்கு அவசியப்பட்டது அன்றைக்குத்தான். ஓடிப்போய் மேசையைத் துடைத்து, அட்டைகளை ஒதுக்கினேன். முஸல்லம் தன் அங்கியின் கழுத்துக் குஞ்சத்தை, அது தினமும் அத்தரில் தோய்வது, ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு வந்தான். துஃபூல் கையை என் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவளுக்கு நாலு நாளாகத் தூறல் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

[உள்ளே வந்ததும் துஃபூல், "இங்க ஏதாவது பூ வச்சிருக்கியா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன். முஸல்லமும் இல்லை என்றான். "சளி பிடிச்சா இல்லாததெல்லாம் தெரியுது" என்று அவளே சொல்லிக்கொண்டாள். — கதைக்குத் தேவையில்லை, அடித்துவிட்டேன்.]

ஷஃபீக் கட்டிக் கொடுத்த பாலித்தீனைப் பிரித்து, சட்டையை என் மேசை மேல் முழு நீளத்துக்கும் விரித்தாள். முஸல்லம் விதிப்படி நிதானமாகப் பார்த்தான்: கழுத்து, கை, வால். மின்கலமோ கொம்போ தேனோ இல்லை. துஃபூல் மடித்தாள், நான் முகவரியை அச்சடித்தேன், முஸல்லம் முத்திரை குத்தினான். பெட்டியை ஒட்டி, அதன் மேல் இன்னொரு பாலித்தீன் சுற்றி, வண்டி வந்து எடுத்துப்போகும்வரை என் மேசையிலேயே வைத்திருந்தோம். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். துஃபூல் தனக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

8

கதையை இங்கேயே நிறுத்தத்தான் திட்டமிட்டிருந்தேன். வண்டி போகிறது, தூறல் விழுகிறது, மூன்று பேர், இரண்டு மதம், இரண்டு மொழி, ஒரே ஒரு பெட்டி. படிக்கிறவர்களுக்கு நெஞ்சு இளகும். எழுதி முடித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அதைப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். இதே மேசை. தாளில், "பேப்பரும் மையும்தான" என்ற வரிக்குப் பக்கத்தில், சாம்பல் விழுந்தது. ஊதினேன். மறுபடியும் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு மேலே சுவரில் முருகன் படம். படத்துக்குக் கீழே சின்னப் பித்தளைத் தாங்கி. அதில் இரண்டு மல்லிகை ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. கடை திறந்ததும் நான் கொளுத்தியது. நேற்றும் கொளுத்தினேன். கடை வைத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

அன்றைக்கும் கொளுத்தியிருக்கிறேன்.

நாற்காலியை விட்டு எழுந்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏழாம் பகுதிக்குப் போய், அடித்த வரியைப் படித்தேன். கதைக்குத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தேதான்.

9

முடிவு எழுத உட்கார்ந்தால் கை நேர்மையாக எழுதமாட்டேன் என்கிறது. இப்போது இந்தக் கதையில் எனக்கும் சொந்த லாபம் இருக்கிறது. எப்படி முடித்தால் நான் தப்பிப்பேன் என்றுதான் புத்தி போகிறது.

முடிவு ஒன்று. பெட்டி போய்ச் சேர்கிறது. கய்ஸா பிரிக்கிறாள், முகத்தில் வைத்துக்கொள்கிறாள், அழுகிறாள். "அதே ஸலாலா வாசனை" என்று கடைப் பக்கத்தில் எழுதுகிறாள். பல வருஷத்து ஞாபகத்துக்கு மல்லிகை எது, அகில் எது. மகள் பச்சை வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு கல்யாணத்தில் நிற்கும் படம் வருகிறது. துஃபூல் அதைக் குடும்பக் குழுவில் ஒரு வார்த்தை எழுதாமல் போடுகிறாள். கணவனின் அண்ணன் வாய் திறப்பதில்லை. எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் துஃபூல் பாராட்டை இன்னொரு முறை படிப்பாள். தான் புகையே காட்டாத சட்டை எப்படி மணந்தது என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே தெருவைக் கடந்து எங்கே வருவாள் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவு இரண்டு. பெட்டி மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வருகிறது. இயந்திரம் மூன்று என்று எண்ணிக் கடையை மூடுகிறது. அவள் பெயரில் இருந்த ஒரே சாமான் போய்விடுகிறது. அவள் சட்டையை முகத்தில் வைத்துக்கொள்கிறாள். கிராம்பு இல்லை. எந்தக் கடை வாசனை என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகாது. இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை, வெட்கமாகவும் இருக்கிறது.

முடிவு மூன்று. நானே சொல்லிவிடுகிறேன். [உம்மு ஸாலிம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க கேட்டீங்கள்ல, பூ] இந்த வாக்கியத்தை நாலு தரம் எழுதி நாலு தரமும் பாதியில் விட்டுவிட்டேன். என் கடைக்கும் எதிர் அலுவலகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அதை விடத்தான் மனசு வரவில்லை. இத்தனை பக்கமும் முஸல்லத்தை நக்கலடித்து எழுதியவன் நான். அவனாவது மரியாதைக்காகப் புகை போட்டான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது. துஃபூல். தினமும் இந்த நேரத்துக்கு வருகிறாள்; பெட்டி எங்கே இருக்கிறது என்று என் கணினியில் பார்க்க. தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். தமிழ் தெரியாது என்றாலும் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன போட்டிருக்கு பாரு, சதீக்."

பார்த்தேன். ஐரோப்பாவில் அதே கிடங்கு. நிலை: பரிசோதனையில்.

"நல்லபடியா போயிரும்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. "இந்தத் தடவ நம்மமேல ஒரு தப்பும் இல்ல." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதை அவள் இன்று ஒரு முறைகூட மூக்குக்குக் கொண்டுபோகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சளி விட்டுவிட்டது. முருகன் படத்துக்கு நேர் கீழே நின்று அவள் மூச்சை இழுக்கிறாள். புருவம் சுருங்குகிறது.

"சதீக், இங்க

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பேனாவை மூடிவிட்டேன். பெட்டி கிடங்கில் இருக்கிறது, அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது, அவளுடையதும் என்னுடையதும். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு இதில் லாப நஷ்டம் இல்லை, நேர்மையாக எழுதுவீர்கள்.

ஒன்றே ஒன்று. எழுத உட்காருமுன் உங்கள் அறையை ஒரு முறை மோந்து பாருங்கள். நிதானமாக, நன்றாக மூச்சை இழுத்து.

ஒன்றும் மணக்கவில்லையா?

முஸல்லமும் அதைத்தான் சொன்னான்.